காயாத சுவர்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வைகாசி மாதம், குவைத்திலிருந்து என் கணவர் போனில் சொன்னார்: "கிறிஸ்மஸுக்கு வர்றேன். நாப்பது நாள் லீவு. அதுக்குள்ள வீட்டை எடுத்துக் கட்டிடணும்."

மூன்று வருடம் கழித்து வருகிறார். அந்தச் சந்தோஷத்தில் வீட்டைப் பற்றி அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினேன். போனில் தலையாட்டுவது தெரியாது என்பதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எங்கள் ஊர் மயிலாடுதுறைக்குக் கிழக்கே. வயலுக்கு நடுவில் ஒரு தெரு, தெருக்கோடியில் எங்கள் லுத்தரன் கோயில். மாமனார் மாமியார் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன சீமை ஓட்டு வீட்டில் நானும் ஏழு வயது மகளும் இருந்தோம். கொஞ்சம் நிலமும் இருந்தது. அதை நானே பார்த்துக்கொண்டேன். நாற்று விடுவதிலிருந்து நெல்லை மூட்டை பிடிப்பதுவரை நான்தான். மூன்றாவது வீட்டில் என் கணவரின் அக்கா. அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். என் கணவருக்குத் தாய் போனபிறகு தாய் அவர்தான். அதனால் எனக்கு மாமியாரும் அவர்தான்.

மகளுக்கு மூன்று வயதிலிருந்து இளைப்பு. தூசி பட்டால் நெஞ்சு விசிலடிக்கும். தூசி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் தூசி இல்லாத நாள் ஏது? அறுவடையில் பதர் பறக்கும், வைக்கோல் லாரி போனால் தெருவே புகையாகும். என் கணவர் வீட்டை இடித்துக் கட்ட நினைத்ததற்கு அடிப்படைக் காரணம் இதுதான். அதை நான் சொல்லியே ஆகவேண்டும். பகட்டுக்காக அவர் எதையும் செய்யவில்லை.

"இங்க ஒரு இன்ஜினியர் வீட்டுக்குப் பைப் வேலைக்குப் போனேன்" என்றார் ஒருமுறை. "வெளியில புழுதிக் காத்து கண்ணத் திறக்க முடியல. உள்ள ஒரு பொட்டுத் தூசி இல்ல. கண்ணாடி ஜன்னல், இழுத்து மூடினா சத்தம்கூட வராது. பாப்பாவுக்கு அந்த மாதிரி ஒரு ரூம் கட்டணும்."

முன்பக்க ஓட்டைப் பிரித்து இரண்டு அறைக்குக் கான்கிரீட் போடுவது, பழைய சுவரின் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்டு பூசுவது, அலுமினியச் சட்டத்தில் நகரும் கண்ணாடி ஜன்னல், படுக்கையறையில் கான்கிரீட்டுக்கு அடியில் தெர்மோகோல் உள்கூரை, சுவரை வழவழப்பாக்கப் பட்டி பார்த்து பிளாஸ்டிக் பெயிண்ட். மேலே இருந்த காற்றுத் துளைகளைத் தூசிக்குப் பயந்து அடைத்துவிடுவது. சமையல்கட்டு மட்டும் பழைய ஓட்டோடு அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம்.

வேலை தொடங்குவதற்கே ஆவணி ஆகிவிட்டது. அந்த வருடங்களில் வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடெல்லாம் எழும்பிக்கொண்டிருந்தது; கொத்தனார் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்த கொத்தனார் என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர், பேச்சு குறைவு. புரட்டாசியில் கான்கிரீட் போட்டு, அதன்மேல் வயலில் பாத்தி கட்டுவதுபோலக் கட்டித் தண்ணீர் நிறுத்தினார். பூச்சு வேலை முடியும்போது ஐப்பசி பிறந்து மழையும் பிடித்துக்கொண்டது.

கடைசி நாள் கூலி வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்.

"அக்கா, இப்ப பெயிண்ட் அடிக்காதீங்க."

"ஏன்?"

"சுவர் நிறையத் தண்ணி குடிச்சிருக்கு. ஒரு கோடை காயணும். இப்பத்திக்கு வெறும் சுண்ணாம்பு அடிச்சு விடுங்க. சுண்ணாம்புன்னா மூச்சு விடும். பிளாஸ்டிக்கு விடாது."

ஈர நெல்லை மூட்டை கட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கையை விட்டால் உள்ளே சுடும். நாலு நாளில் முளைகட்டும், அப்புறம் நாறும். அவர் சொன்னது எனக்கு உடனே விளங்கியது. விளங்கியும் நான் என்ன செய்தேன் என்பதுதான் இந்தக் கதை.

வெள்ளிக்கிழமைதோறும் அவரிடமிருந்து வரும் போனில் சொன்னேன்.

"மூணு வருஷம் கழிச்சு வர்றேன். வெறும் சுவத்தப் பாக்கவா? டவுன்ல பெயிண்ட் காண்ட்ராக்டர் ஒருத்தர் இருக்காராம், அக்கா சொல்லுச்சு. அவரக் கேளு."

அண்ணி அந்தக் காண்ட்ராக்டரைக் கையோடு கூட்டி வந்தார். காண்ட்ராக்டர் சட்டைப்பையில் நிற அட்டை வைத்திருந்தார். சுவரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "பிரைமர் போட்டுட்டா தண்ணியாவது ஒண்ணாவது. கவலையே படாதீங்க" என்றார். அட்டையில் அண்ணி இளம் ரோஜா நிறத்தைக் காட்டினார். நான் மறுக்கவில்லை. சண்டை போட எனக்குச் சோம்பலாக இருந்தது. வயலில் சம்பா தண்ணீரில் நின்றது, வீட்டில் சாமான் எல்லாம் சமையல்கட்டில் குவிந்து கிடந்தது. எல்லாம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

ஐப்பசிக் கடைசியில் புது அறைக்குக் குடிபோனோம்.

முதல் வாரம் தெருவே வந்து பார்த்தது. இரண்டாவது வாரம் காலையில் எழுந்தால் கண்ணாடி ஜன்னலின் உள்பக்கம் தண்ணீர் வழிந்திருந்தது. மூன்றாவது வாரம் ஒரு வாசனை. சாக்கு நனைந்து காயாமல் மடித்துவைத்தால் வரும் வாசனை அது. பீரோவுக்குப் பக்கத்தில்தான் அதிகம். எட்டிப் பார்த்தேன். ரோஜா நிறச் சுவரில் மிளகைத் தூவினாற்போலக் கறுப்புப் புள்ளிகள்.

பினாயிலில் துணியை நனைத்துத் துடைத்தேன். போய்விட்டது. ஐந்தாம் நாள் திரும்ப வந்தது, முன்னைவிட அகலமாக. மறுபடியும் துடைத்து, பீரோவைச் சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்தேன். போனில் சொன்னபோது அவரும், "துடைச்சிட்டு விடு, அது அப்படித்தான் வரும்" என்றார். அதைச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது.

மகள் இரும ஆரம்பித்திருந்தாள். மழைக்காலம், எல்லாப் பிள்ளைகளும் இருமுகிறார்கள் என்று கஷாயம் கொடுத்தேன். சமையல்கட்டில் என்னோடு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்போது இருமல் இல்லை. கோயிலில் பாட்டுப் பாடும்போது இல்லை. படுக்கையறைக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில் தொடங்கும். இதைக் கவனிக்காமல் இல்லை. கவனித்தேன். ஆனால் நினைத்துப் பார்க்கப் பயமாக இருந்தது. நினைத்தால் அடுத்து என்ன செய்யவேண்டும் என்றும் நினைக்க வேண்டியிருக்கும்.

கார்த்திகையில் நான்கு நாள் விடாத மழை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டார்கள். வயலில் பயிர் நுனி மட்டும் தெரிந்தது. வரப்பை வெட்டி வடிகாலில் விடாவிட்டால் அழுகிவிடும். மத்தியானம் சாப்பாடு போட்டு, மகளைப் புது அறையில் படுக்க வைத்து, தூறல் அடிக்காமல் ஜன்னலை இழுத்து மூடினேன். அண்ணியிடம் ஒரு நடை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மண்வெட்டியோடு போனேன்.

இரண்டு இடத்தில் வெட்டிவிட்டு மூன்றாவதில் காலை வைத்தபோது வரப்பில் அண்ணி ஓடி வருவது தெரிந்தது. குடையை மடக்கிக் கையில் பிடித்திருந்தார். மழை முழுக்க அவர்மேல் விழுந்தது.

"புள்ளைக்கு மூச்சு வாங்குது! உதடு ஒரு மாதிரியா இருக்கு! வா, வா!"

எப்படி ஓடினேன் என்று தெரியாது. மகள் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் விலாவுக்கு நடுவில் பள்ளம் விழுந்தது. என்னைப் பார்த்தாள். பேச வரவில்லை.

மதகுக்குப் பக்கத்தில் ரோட்டின்மேல் தண்ணீர் போனதால் ஆட்டோ வரமாட்டேன் என்றது. எதிர்வீட்டுக்காரர் டிராக்டரை எடுத்தார். சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகட்டில் நான் மகளை மடியில் வைத்து உட்கார்ந்தேன். அண்ணி பின்னால் நின்று குடை பிடித்தார். மெயின் ரோடு வரை அந்தக் கொஞ்ச தூரத்தில் நான் ஜெபம் செய்ததாக அண்ணி பிறகு சொன்னார். எனக்கு ஞாபகம் இல்லை. அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்ததுதான் ஞாபகம் இருக்கிறது. மெயின் ரோட்டில் ஒரு வேனை நிறுத்தி மயிலாடுதுறை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மூக்கில் புகை மருந்து வைத்து, ஊசி போட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவள் முதுகு படுக்கையில் பட்டது. டாக்டரம்மா அவள் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"முன்னெல்லாம் இவ்வளவு வந்திருக்கா?"

"இல்லீங்க."

"வீட்ல புதுசா ஏதாவது? நாய், பூனை, மெத்தை?"

"வீடே புதுசுங்க. பெயிண்ட் அடிச்சோம்."

"எப்ப?"

"ஐப்பசில."

அவர் குழாயைக் காதிலிருந்து எடுத்தார். "இந்த மழையிலயா? சுவத்துல பூசணம் பூத்திருக்கா?"

அண்ணி என் பக்கம் திரும்பினார். அவருக்குத் தெரியாது. நான் பீரோவைத் தள்ளி மறைத்திருந்தேனே.

"ஆமாங்க" என்றேன்.

"அது சரியாகிற வரைக்கும் அந்த ரூம்ல புள்ளையப் படுக்க வைக்காதீங்க. மருந்து கொடுத்து அனுப்பறேன். திரும்ப அதே காத்த சுவாசிச்சா திரும்ப இங்கதான் வரணும்."

இரண்டு நாள் கழித்து மகளை நேராக அண்ணி வீட்டில் விட்டேன். அது ஓட்டு வீடு. பிறகு என் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தேன். மூடியே கிடந்த அறையிலிருந்து அந்த வாசனை முகத்தில் அடித்தது. பீரோவை ஒற்றை ஆளாக நகர்த்தினேன்.

சுவர் முழங்காலிலிருந்து இடுப்புவரை கறுப்பும் பச்சையுமாக இருந்தது. பெயிண்ட் தோலைப்போல உப்பியிருந்தது. விரலால் அழுத்தினேன். கிழிந்து உள்ளிருந்து தண்ணீர் ஒழுகி என் மணிக்கட்டு வழியாக ஓடியது. பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்த என் கல்யாணப் புடவையில் வெள்ளையாகப் பஞ்சுபோலப் பூத்திருந்தது. தெர்மோகோலில் ஒரு பலகையைத் துடைப்பக்கட்டையால் தூக்கிப் பார்த்தேன். அதன் முதுகும் கறுப்பு. நாங்கள் படுத்திருந்தது அதற்குக் கீழே.

அண்ணி வாசற்படியில் நின்று பார்த்தார். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"பதினோரு நாள்ல தம்பி வருது. அந்தக் காண்ட்ராக்டரக் கூப்பிடு. மேல ரெண்டு கோட்டு அடிக்கட்டும். தம்பி வந்து போற வரைக்கும் புள்ள என் வீட்ல இருக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

காண்ட்ராக்டர் வந்தார். பூசணத்துக்கென்றே ஒரு பெயிண்ட் வந்திருக்கிறது, அடித்தால் முடிந்தது என்றார். நான் ஏறக்குறைய சரி என்று சொல்லிவிட்டேன். அன்று வெள்ளிக்கிழமையாக இல்லாமலிருந்தால் சொல்லியும் இருப்பேன். ஆனால் போன் வந்தது. மகளை ஆஸ்பத்திரியில் வைத்தது அவருக்குத் தெரியும். அதற்குக் காரணம் தெரியாது.

"சுவத்தச் சுரண்டணுங்க. பூச்சு வரைக்கும் எடுக்கணும்" என்றேன்.

"என்னது?"

லைன் தாமதத்தில் இரண்டு பேர் குரலும் மோதிக்கொண்டன.

"இங்க பாரு. எதையும் தொடாத. நான் வந்து பாத்துக்கறேன்."

"நீங்க வந்து எங்க படுப்பீங்க? புள்ளையோட அந்த ரூம்லதானே?"

"துடைச்சா போயிடும்னு சொல்றேன்ல!"

"ரெண்டு தடவை துடைச்சேன். மூணாவது தடவை புள்ளைய டிராக்டர்ல தூக்கிட்டுப் போனேன்."

அவரிடம் அப்படி நான் பேசியதே இல்லை. அந்தப் பக்கம் யாரோ இந்தியில் பேசுகிற சத்தம், பின்னால் வண்டிச் சத்தம். "என்னமோ செய்" என்றார். பிறகு லைன் போய்விட்டது. அவர் வைத்தாரா, தானாகப் போனதா என்று இன்றுவரை கேட்கவில்லை.

கொத்தனாருக்கு ஆள் அனுப்பினேன். அவர் "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று சொல்வார் என்று பயந்தேன். சொல்லவில்லை. சுவரைக் கட்டைவிரலால் அங்கங்கே அழுத்திக்கொண்டே போனார். தெற்குச் சுவர், கிழக்குச் சுவர், பிறகு பீரோ நின்ற மேற்குச் சுவர். அங்கே வந்ததும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"மத்ததெல்லாம் பூச்சு ஈரம்க்கா. காத்து விட்டா போயிடும். இது அப்படி இல்ல. வெளியேர்ந்து வருது."

வெளியே போய்ச் சுற்றிக்கொண்டு மேற்குப்புறம் வந்தோம். இடித்த பழைய பூச்சு, ஓட்டுச் சில்லு, மண் எல்லாம் அந்தச் சுவர் ஓரமாக இடுப்புயரத்துக்குக் குவிந்து கிடந்தது. நான்கு நாள் மழையைக் குடித்துச் சேறாகியிருந்தது. உள்ளே தரை இருக்கும் மட்டத்துக்கு மேலே அந்தச் சேறு சுவரில் சாய்ந்து நின்றது.

"இத யாரு இங்க போடச் சொன்னது?" என்றேன். கோபமாகவே கேட்டேன்.

கொத்தனார் காலால் ஒரு ஓட்டுச் சில்லைப் புரட்டினார். "நீங்கதான்க்கா."

ஞாபகம் வந்துவிட்டது. வாசலில் குவித்திருந்தார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் தள்ளுங்கள், மழை விட்டபிறகு கொல்லையை மேடு பண்ண ஆகும் என்று சொன்னது நான். சித்தாள் இரண்டு பேர் ஒரு நாள் முழுக்கச் சுமந்தார்கள். இத்தனை நாளும் மனதுக்குள் என் கணவரையும் அண்ணியையும் அந்த நிற அட்டைக்காரரையும் திட்டிக்கொண்டிருந்தேன். மகள் கட்டில் போட்டிருந்த சுவருக்குத் தண்ணீர் வைத்தவள் நான். வயலில் தேங்கிய தண்ணீரை வெட்டிவிட ஓடியவளுக்கு வீட்டோரம் தேங்கியது தெரியவில்லை.

அங்கேயே அந்தச் சேற்றில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் ரேடியோவில் மறுபடியும் காற்றழுத்தத் தாழ்வு என்று சொல்லியிருந்தார்கள். கொத்தனார் வானத்தைப் பார்த்தார்.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இந்த மண்ணை எடுத்து வாய்க்கா வெட்டிடணும். இல்லாட்டி உள்ள என்ன பண்ணியும் பிரயோசனம் இல்ல."

மறுநாள் விடிந்ததும் கொத்தனார், சித்தாள் இருவர், நான். மண்ணை வாரிக் கொல்லைக் கோடிக்குக் கொண்டுபோனோம். கனத்த சேறு, கூடையில் ஒட்டிக்கொண்டு விழமாட்டேன் என்றது. மத்தியானம் சுவரின் அடி தெரிந்தது. செங்கல் ஊறிக் கறுத்திருந்தது. சுவரை ஒட்டி ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்து, தெருவோர வடிகாலோடு சேர்க்கவேண்டும். கடைசி பத்தடி இருக்கும்போது மழை வந்துவிட்டது. பெரிய சொட்டு, காற்றோடு. சித்தாள்களை ஒதுங்கச் சொன்னேன். அவர்கள் ஒதுங்கவில்லை. கொத்தனார் கடப்பாரையால் கிளற, நாங்கள் மூன்று பேரும் வெறுங்கையால்கூட அள்ளினோம். வெட்டிய இடமெல்லாம் தண்ணீர் நிறைந்து எங்கே வெட்டுகிறோம் என்றே தெரியவில்லை. கடைசி மண்கட்டி சரிந்ததும் தேங்கி நின்ற தண்ணீர் முழுக்க ஒரு சத்தத்தோடு தெருப்பக்கம் ஓடியது. அப்போதுதான் மூச்சு விட்டேன்.

உள்ளே வேலை அதைவிடக் கஷ்டம். காய்ந்தால் தூளாகப் பறக்கும், நனைத்துத்தான் சுரண்டவேண்டும் என்றார் கொத்தனார். மூக்கையும் வாயையும் ஈரத் துண்டால் கட்டிக்கொண்டோம். மேற்குச் சுவரில் தலை உயரம்வரை பூச்சைச் செங்கல்வரைக்கும் கொத்தி எடுத்தார். மற்ற மூன்று சுவரிலும் பெயிண்டையும் பட்டியையும் சுரண்டினோம். விழுந்ததையெல்லாம் உரச் சாக்கில் போட்டு வாயைக் கட்டி வெளியே கொண்டுபோனோம். தெர்மோகோல் முழுவதும் போயிற்று. மெத்தையும் போயிற்று. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவினோம். கண் எரிந்தது.

பிறகு காய வைப்பதுதான் பெரிய பாடு. கரி அடுப்பை மூட்டி உள்ளே வைக்கலாமா என்று கேட்டேன். "மூடின ரூம்ல கரியா? ஆளையே கொன்னுடும்" என்று கொத்தனார் கத்தினார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். கண்ணாடிக் கதவுகளைக் கழற்றிவிட்டுக் கம்பிவலை அடித்தார். அடைத்த காற்றுத் துளைகளை மறுபடி உடைத்தார். இரண்டு மேஜை மின்விசிறியை, ஒன்று உள்ளே தள்ள ஒன்று வெளியே இழுக்க, பகல் முழுக்க ஓட விட்டேன். கரண்ட் போகும்போதெல்லாம் எனக்குப் பதறும்.

ஐந்தாம் நாள் அண்ணி வந்தார். அதுவரை அவர் என்னோடு பேசவில்லை. மகளுக்குச் சாப்பாடு ஊட்ட நான் போகும்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அன்று வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். ரோஜா நிறம் இருந்த இடமெல்லாம் சாம்பலும் செங்கலும்.

"புள்ள ரெண்டு நாளா இருமவே இல்ல" என்றார்.

நான் அவருக்கு வழிவிட்டு மின்விசிறியை நகர்த்தினேன்.

"இந்த மூலைய விட்டுட்டீங்களே" என்று தரையில் கிடந்த தகட்டை எடுத்து உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தார். நான் ஒரு துண்டை நனைத்து அவர் மூக்கில் கட்டிவிட்டேன்.

கிறிஸ்மஸுக்கு மூன்று நாள் முன்பு என் கணவர் வந்தார். திருச்சியிலிருந்து வேன். தெருவில் எல்லார் வீட்டிலும் நட்சத்திரம் தொங்கியது. எங்கள் வீட்டு வாசலிலும் ஒன்று கட்டியிருந்தேன். அவர் இளைத்திருந்தார். மகளைத் தூக்கிக்கொண்டார். அவள் வெட்கப்பட்டு அண்ணியைப் பார்த்தாள். மூன்று வருடம் அவளுக்கு நீண்ட காலம்.

பெட்டிகளை இறக்கிவிட்டு நேராக அறைக்குத்தான் போனார். நான் பின்னால் போனேன். அண்ணி வரவில்லை. நடுவில் நின்று நான்கு பக்கமும் பார்த்தார். கொத்திய செங்கல், வலை அடித்த ஜன்னல், கூரையில் தெர்மோகோலைத் தாங்கிய கம்பிகளின் தழும்பு. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை நாள் யோசித்து வைத்த பேச்செல்லாம் போய், ஒன்றுதான் வந்தது.

"மேலண்டைச் சுவத்துல மண்ணைக் கொட்டச் சொன்னது நான்தாங்க. பாதித் தப்பு பெயிண்ட்டு. பாதி நான்."

அவர் திரும்பவில்லை. மேற்குச் சுவருக்குப் போய் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

"எவ்வளவு கறுப்பா இருந்துச்சு?"

சொன்னேன். பீரோவுக்குப் பின்னால் எப்படி இருந்தது, தெர்மோகோலின் முதுகு எப்படி இருந்தது எல்லாம் சொன்னேன். சொல்லும்போது அவர் இருமினார். பிரயாணக் களைப்பு என்று நினைத்தேன். இரண்டாவது தடவை இருமியபோது நினைக்க முடியவில்லை. மகளிடம் நான் கேட்டுக் கேட்டுப் பழகிய இருமல் அது.

"எங்க ரூம்ல ஆறு பேரு" என்றார். "ஜன்னலே திறக்க முடியாது, ஆணி அடிச்சிருக்கும். ஏசி ராப்பகலா ஓடும். என் கட்டிலுக்குப் பின்னாடி இப்படித்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை துடைப்போம். துடைச்சிட்டுத்தான் உனக்குப் போன் பண்ண வருவேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, அவர்மேல் இல்லாமலும் இல்லை.

"சொல்லவே இல்லையே."

"சொல்லி?"

அன்று ராத்திரி நாங்கள் மூன்று பேரும் சமையல்கட்டில், பழைய ஓட்டுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தோம். கிறிஸ்மஸுக்கு வந்த உறவுக்காரர்கள் அறையை எட்டிப் பார்த்து, "வேலை இன்னும் முடியலையா?" என்று கேட்டார்கள். முதலில் கேட்டவருக்கு நான் பதில் தேடினேன். அதற்குள் என் கணவர், "சுவர் காயுது" என்றார். அதன்பிறகு கேட்ட எல்லாருக்கும் அதே பதில். போதகர் வந்து அந்த அறையில் நின்று ஜெபம் செய்தபோது நனைந்த செங்கல் வாசம் இருந்தது. அந்தப் பழைய சாக்கு வாசனை இல்லை.

அந்த லீவில் டாக்டரம்மாவிடம் என் கணவரையும் கூட்டிப்போனேன். வேண்டாம் என்றார். மகளுக்கு மறுபரிசோதனை என்று சொல்லிக் கூட்டிப்போய், முதலில் அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரம்மா, இடத்தை மாற்றாமல் மருந்தால் மட்டும் ஆகாது என்றார். தை மாத நடுவில் லீவு முடிந்து அவர் திரும்பிப் போனார்.

பங்குனியில் கொத்தனார் ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் எடுத்துப் பார்க்கவேண்டும், உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். மேற்குச் சுவரில் வேர்த்திருந்தது. சித்திரையிலும் கொஞ்சம் வேர்த்தது. வைகாசியில்தான் தாள் ஒட்டினபடியே உலர்ந்து கையோடு வந்தது. அதன்பிறகு பூசி, சுண்ணாம்பு அடித்தோம். கண்ணாடிக்குப் பதில் மரக்கதவு ஜன்னல். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை போகிற இடம் விட்டேன். மகளுக்கு இளைப்பு அடியோடு போய்விடவில்லை. அறுவடை நாளில் வரும், மருந்தில் அடங்கும்.

அந்த வருடம் வெள்ளிக்கிழமைகளில் போனில் அவர் வேறு ரூம் கேட்டாரா என்று நான் கேட்பேன். கேட்டேன் என்பார். சூப்பர்வைசர் பார்க்கலாம் என்றார் என்பார். கடைசியில் கதவோரக் கட்டிலை ஒருவரிடம் கெஞ்சி மாற்றிக்கொண்டார். அடுத்த ஒப்பந்தத்தில் கம்பெனியே மாறினார். அங்கே ஜன்னல் திறக்கும் என்று சொன்னார். இரண்டு வருடம் கழித்து அவர் ஊருக்கு வந்தபோது இருமல் இருந்தது, ஆனால் குறைந்திருந்தது. அந்தத் தடவை மழை இல்லாத மாதமாகப் பார்த்து, கோடையில் வந்தார்.